கால் தரையில் படாத ஞாயிறுகள்

கோயம்புத்தூர் கணபதியில், சத்தி ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற சுகுமாரன் பேக்கரியில், ஒன்பது வருஷமாக ஞாயிறு தவறாமல் கூடி வந்த கோர் கழகத்தின் வரலாற்றில் முதன்முதலாக ஒருவர் "நான் சொன்னது தப்புங்க" என்று வாய்விட்டுச் சொன்ன காலையில், அப்படிச் சொன்ன ஜெசிந்தா நாற்காலியை விட்டு ஒரு சாண் உயரம் எழும்பி, ஒரு கையில் டீ கிளாஸும் மறு கையில் பாதி தின்ற தேங்காய் பன்னுமாக, உட்கார்ந்த வாக்கிலேயே அந்தரத்தில் நின்றார். டீ ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

கழகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கடையில் கட்டிவைத்த கம்ப்யூட்டரை வாங்குவதைக் கௌரவக் குறைவாக நினைத்து, ப்ராசஸர் தனியாக, திரைக்குப் படம் வரைகிற கிராஃபிக்ஸ் கார்டு தனியாக, காற்றாடி தனியாக என்று பார்த்துப் பார்த்து வாங்கி, வீட்டில் தாமே பூட்டிக்கொள்ளும் பதினோரு பேர் சேர்ந்தது அந்தக் கழகம். ப்ராசஸருக்குள் இருக்கிற மூளைத் துண்டுக்குக் கோர் என்று பேர், கழகத்துக்கும் அதையே வைத்துவிட்டார்கள். கம்பெனியின் நிறத்தை வைத்து, ப்ராசஸரில் நீலக் கட்சி, சிவப்புக் கட்சி. கார்டில் பச்சைக் கட்சி, சிவப்புக் கட்சி. இந்தச் சிவப்பும் அந்தச் சிவப்பும் ஒன்றுதானா என்பதிலேயே இரண்டு கோஷ்டி. எல்லாவற்றுக்கும் மேலாகப் பேஸ்ட் சண்டை. ப்ராசஸரின் தலை சூடேறாமல் இருக்க அதன் மேல் ஓர் உலோகக் கட்டியை உட்கார வைப்பார்கள், இரண்டுக்கும் நடுவில் விபூதி நிறத்தில் ஒரு பசையைப் பிதுக்குவார்கள், அந்தப் பசையை எந்த வடிவத்தில் பிதுக்குவது என்பதில் கழகம் மூன்று சமயமாகப் பிரிந்து கிடந்தது: நடுவில் ஒரு துளி வைப்பவர்கள் பொட்டு, குறுக்கே மூன்று கோடு இழுப்பவர்கள் பட்டை, நெடுக்கே மூன்று கோடு இழுப்பவர்கள் நாமம்.

சிவானந்தா காலனியில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்யும் ஜெசிந்தா ஐந்து வருஷமாகப் பட்டைச் சமயம். அந்த வாரம் மூன்றையும் ஒரே மெஷினில் போட்டுச் சூடு பார்த்திருக்கிறார். பொட்டு இரண்டு டிகிரி குறைவு. மறைத்திருக்கலாம், கழகத்தில் யாரும் மறைக்காததா? ஆனால் அவர் நேரே பொட்டுச் சமயத்துத் தலைவர் மருதாசலத்தைப் பார்த்து உண்மையைச் சொன்னார், எழும்பினார். அதே நொடியில் மருதாசலம் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் கால் சற்றே அகன்றது. பழைய நாற்காலி என்று சுகுமாரன் வேறு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

யாரும் பதறவில்லை. பாகங்கள் விற்கிற ஜமால் பாய் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எத்தனை இன்ச் இருக்கும் என்று கேட்டார். டேப் வந்தது, ஒன்பது இன்ச் என்று குறித்தாயிற்று. ஒரே ஓட்டத்தை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது, மூன்று தடவை ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டும், ஆகவே ஜெசிந்தா இறங்கி இன்னும் இரண்டு முறை தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று பாய் கோரிக்கை வைத்தார். ஒரே தப்பை எப்படிங்க மூணு தடவை ஒத்துக்கறது என்று ஜெசிந்தா மேலிருந்தபடியே கேட்டார். வெறும் வயிற்றில் ஒப்புக்கொண்டால் உயரம் கூடுமா, பன் தின்றதால்தான் ஒரு சாணோடு நின்றதா என்று விவாதம் பன்னிரண்டு மணிவரை நடந்தது. ஒரு மனுஷி அந்தரத்தில் நிற்கிறாளே என்ற பேச்சே எழவில்லை என்பதைக் கழகத்தை அறிந்தவர்கள் நம்புவார்கள்.

திங்கட்கிழமை காலை, காந்திபுரத்துக்கு இந்த வழிதான் கிட்டம் என்று சொன்ன ஆட்டோக்காரரிடம், இல்லை அந்த வழிதான் என்று ஜெசிந்தா அடித்துப் பேசியபோது அவர் கால் தானாகத் தரையில் பட்டது. அடுத்த பிடிவாதம் வரைக்கும்தான் மிதப்பு என்பது அப்படித் தெரியவந்தது.

கழகத்தோடு நின்றிருந்தால் வெளியே தெரிந்திருக்காது. பேக்கரி என்பது பொது இடம், அங்கே டீ குடிக்க வந்தவர்கள் வழியாக மாதம் முடிவதற்குள் அது கணபதி முழுக்கப் பரவியது. மனசாரச் சொன்னால்தான் எழும்பும், வாய் வார்த்தைக்குக் கால் அசையாது என்பதைக் குடும்பப் பெண்கள் முதலில் கண்டுபிடித்தார்கள்; அன்றிலிருந்து எந்தப் புருஷனாவது "சரி, என் தப்புதான், விடு" என்று சொன்னால் "எங்க, காலக் காட்டுங்க" என்ற மறுமொழிதான் வந்தது. மழைக்காலத்தில் பள்ளத்தில் தண்ணீர் தேங்கினால், நனையாமல் தாண்டுவதற்காகவே பழைய தப்பு ஒன்றை யோசித்துப் பிடித்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒப்புக்கொண்டு, செருப்பு நனையாமல் பஸ் ஏறியவர்கள் உண்டு. முருங்கைக்காய் பறிக்க ஏணி தேடுவாரில்லை. மிதப்பவர்கள் மடியில் ஒரு தேங்காயை வைத்துக்கொண்டுதான் ஏற வேண்டும் என்று ஷேர் ஆட்டோக்காரர்கள் விதி போட்டார்கள். வார்டு கவுன்சிலர் மட்டும் வேட்டியைத் தரை கூட்டும் அளவுக்கு இறக்கிக் கட்டத் தொடங்கினார், அவர் காலை அதற்கப்புறம் யாரும் பார்க்கவில்லை.

இறங்குகிற கனம் எங்கே போகிறது என்பதையும் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். யாரிடம் தப்பை ஒப்புக்கொள்கிறோமோ அவர் மேல் போய் ஏறுகிறது. தலைக்கனம் என்று பெரியவர்கள் சும்மா சொல்லிவைக்கவில்லை, அது தராசில் நிறுக்கக்கூடிய சரக்கு என்று சுகுமாரன் விளக்கம் கொடுத்தார். கழகத்தார் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொண்டால் எழும்ப வேண்டியிருக்குமே.

அந்தக் கனம் வேறு யார் மேல் ஏறியதைவிடவும் மருதாசலத்தின் மேல்தான் அதிகம் ஏறியது.

மருதாசலத்துக்கு நாற்பத்தேழு வயது. பம்ப்செட் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. அவர் 'சரியில்லை' என்று சுண்ணாம்புக் கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டால் அந்தப் பம்பு வெளியே போகாது, அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் பேக்கரிக்கும் கூடவே கூட்டிவந்துவிடுவார். ஊரில் அவருக்கு 'பாட்டில்நெக்' என்று பெயர். பாட்டில் எவ்வளவு பெரிதானாலும் கழுத்து வழியாக வருகிற தண்ணீர்தான் வரும், அதுபோல ப்ராசஸர் மெதுவாக இருந்தால் எப்பேர்ப்பட்ட கார்டும் அடங்கித்தான் ஓடும் என்பது அவருடைய வேதம். கேம் திக்கினாலும் பாட்டில்நெக், காந்திபுரம் மேம்பாலத்தில் வண்டி நின்றாலும் பாட்டில்நெக், கொழுந்தியாளுக்கு வரன் தட்டிப்போனாலும் அதேதான். பேச்சில் அவரை மடக்க ஆள் கிடையாது என்பதால், ஒப்புக்கொள்ளும் பருவம் வந்ததும் ஆளாளுக்கு அவரிடமே வந்து ஒப்புக்கொண்டார்கள். நீலக் கட்சிக்காரர் ஒருவர் தன் பத்து வருஷக் கட்சியையே கொண்டுவந்து காலடியில் வைத்துவிட்டு மூன்றடி எழும்பிச் சிரித்துக்கொண்டு போனார்.

கம்பெனியில் பம்பு நிறுக்கிற தராசில் ஏறிப் பார்த்தார். எழுபத்தொன்றாக இருந்தவர் தீபாவளிக்கு நூற்றுப் பதினெட்டு. உடம்பு அதே உடம்பு, சட்டை அதே சட்டை, ஆனால் வண்டி டயர் அமுங்கியது, அவர் நடந்தால் மேசையில் டீ கிளாஸ்கள் கிணுகிணுத்தன. முதலில் அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மாடிவீட்டுக்கு ஏறும்போது முழங்கால் கெஞ்சத் தொடங்கியதும், வீட்டுக்காரர் வந்து கீழ்த்தளத்துக் கூரையில் விரிசலைக் காட்டியதும், பெருமை கொஞ்சம் குறைந்தது. அவர் மனைவி தெய்வானை கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்:

"ஊரே உங்ககிட்ட ஒத்துக்குதுன்னா, ஊர்ல இருக்கற கனமெல்லாம் இந்த வீட்டுலதான் இருக்குதுங்க. நீங்க ஒருத்தருகிட்டயாச்சும் ஒத்துக்கறதுக்கு ஒண்ணுமே இல்லையா?"

இல்லை என்றார். மனசாரத்தான் சொன்னார்.

கழகத்தில் பன்னிரண்டாவதாக ஒருவர் இருந்தார் என்பதை இங்கே சொல்ல வேண்டும். நஞ்சுண்டன். மருதாசலமும் அவரும் ஐ.டி.ஐ. படித்த காலத்திலிருந்து சேக்காளிகள், கழகத்தை ஆரம்பித்ததே அவர்கள் இருவர்தான். சங்கனூரில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டர் பூட்டிக்கொடுத்தவர், அவர் கை பட்ட மெஷினில் ஒரு ஒயர் தொங்காது. நாமச் சமயம். இரண்டு வருஷத்துக்கு முன் மருதாசலத்துக்கு ஒரு பச்சைக் கார்டு வேண்டுமென்றபோது, நஞ்சுண்டன்தான் நாலு கடை ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். பூட்டுகிற வேலையில் மட்டும் மருதாசலம் அவரைத் தொடவிடவில்லை, தானே பூட்டினார். கார் ரேஸ் கேம் ஓட்டிப் பார்த்தால் நொடிக்கு நாற்பத்தொரு பிரேம், திரையில் படம் அத்தனை தடவைதான் மாறியது. நூற்று நாற்பது வர வேண்டும் என்றார் நஞ்சுண்டன். பாட்டில்நெக் என்றார் மருதாசலம், பெரிய ப்ராசஸர் வாங்கிப் போட்டார், அப்போதும் நாற்பத்தொன்று. அப்படியானால் கார்டுதான் ஓட்டைக் கார்டு, யாரோ ஓட்டித் தேய்த்ததைப் புதுசென்று தலையில் கட்டிவிட்டான் என்று முடிவு செய்தார். ஒருக்கா வந்து பாக்கறேன் என்று நஞ்சுண்டன் கேட்டதற்கு, பார்க்க என்ன இருக்கிறது என்றார்.

அடுத்த நாள் காலை, ஞாயிற்றுக்கிழமை, பேக்கரியில் பத்துப் பேர் முன்னால், நஞ்சுண்டன் உள்ளே நுழைகிற நேரமாகப் பார்த்து அவர் சொன்ன வாக்கியம் இதுதான்: "பேஸ்ட்டுக்கு நாமம் போடறவன், எனக்கும் சேத்துப் போட்டுட்டான்."

சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம் ஆனது. மருதாசலத்துக்கே தன் சிலேடை பிடித்துப்போய்க் குரூப்பிலும் போட்டார். நல்ல சிலேடைக்குக் கால் முளைத்துவிடும். அது உக்கடம் போனது, டவுன்ஹால் போனது, நஞ்சுண்டனிடம் மெஷின் கொடுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து திரும்பி வாங்கிக்கொண்டு போனார்கள். அவர் முன்னறை காலியானது. அப்புறம் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நட்டு போல்ட்டு எண்ணுகிற வேலைக்குப் போனார். கழகத்துக்கு வரவே இல்லை.

நூற்று முப்பத்திரண்டு கிலோ ஆன ஒரு சனிக்கிழமை மத்தியானம், மருதாசலம் கார் ரேஸ் ஓட்ட உட்கார்ந்தபோது நாற்காலிக்குக் கீழே டைல்ஸ் இரண்டு விரற்கடை அமுங்கியது. மேசை சாய்ந்தது. மேசை மேலிருந்த கேபினட், கம்ப்யூட்டரை அடைத்த பெட்டி, நழுவி, அரைவட்டம் திரும்பி, இரண்டு வருஷமாகச் சுவரைப் பார்த்திருந்த முதுகை அவருக்குக் காட்டியது.

கேபினட்டின் முதுகில் திரைக் கேபிளைச் சொருக இரண்டு இடம் உண்டு. மேலே ஒன்று, அது பாகங்களையெல்லாம் பூட்டுகிற போர்டோடு வருவது, ஏதோ பேருக்குப் படம் காட்டும். கீழே ஒன்று, அதுதான் கார்டு. கேபிள் மேலே சொருகியிருந்தது. சமையல்காரரை வரவழைத்து வாசலில் உட்கார வைத்துவிட்டு, காபி மட்டும் போடத் தெரிந்தவரிடம் ஊர் விருந்தை ஒப்படைத்த கதைதான். அந்த நல்ல கார்டு இரண்டு வருஷமாகச் சும்மா காற்றாடியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது.

கேபிளைப் பிடுங்கிக் கீழே சொருகினார். நூற்று நாற்பத்து மூன்று. ரோடு எண்ணெய்யாக வழுக்கிக்கொண்டு போனது, மரத்தில் இலை இலையாகத் தெரிந்தது. மருதாசலத்துக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவு வெட்கம் அவர் வாழ்நாளில் பட்டதில்லை, அழுகையும் வந்தது. தப்பு என்னுடையது என்று அந்த அறையில் நாலு தரம் சொல்லிப் பார்த்தார். கால் அசையவில்லை. வாங்கிக்கொள்ள எதிரில் ஆள் இல்லாத கனம் எங்கே போகும்?

அடுத்த இரண்டு ஞாயிறும் பேக்கரிக்குப் போனார், பொட்டைப் பற்றிப் பேசினார், கேபிளைப் பற்றி மூச்சு விடவில்லை. சொன்னால் கழகம் அவரை எத்தனை வருஷத்துக்குச் சிரிக்கும் என்று கணக்குப் போட்டார். பேஸ்ட் தப்புக்கே ஒரு சாண் என்றால், இரண்டு வருஷம் ஊரறிய உடுத்திக்கொண்டு திரிந்த தப்புக்கு எவ்வளவு உயரம் போவோம் என்ற பயம் வேறு. இரண்டாவது ஞாயிறு ஜெசிந்தா வந்து, நஞ்சுண்டண்ணன் ஓசூருக்கே குடி போகிறாராம், அடுத்த ஞாயிறு காலை டெம்போ வருகிறதாம், ஸ்க்ரூடிரைவர் செட்டைக்கூட யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று ஜமால் பாயிடம் கேட்டாராம் என்று சொன்னார். மருதாசலம் கடித்த பஃப்ஸைத் தட்டிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

அறையில் அவர் நாலு தரம் சொல்லிப் பார்த்ததைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருந்தவள் தெய்வானை. அவரு வீட்டுக்குள்ளே வைத்துச் சொல்லிடுங்க, மேல சீலிங் இருக்கும், பயமில்லை என்றாள். வேண்டாம் என்றார் அவர். நாமத்தைத் தெருவில் போட்டேன், தெருவிலேதான் துடைக்க வேண்டும். டெம்போ வருகிற ஞாயிறு காலை அவள் மொட்டைமாடியில் கட்டியிருந்த கொடிக்கயிற்றை அவிழ்த்து வந்து அவர் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டாள். சங்கனூர் வரைக்கும் அப்படியே நடந்தார்கள், ஏனென்றால் வண்டி அவரைத் தாங்கவில்லை. பேக்கரி வாசலில் சேர்ந்துகொண்ட கழகம் முழுவதும் டேப்போடு பின்னால் வந்தது.

டெம்போவில் பாதி சாமான் ஏறியிருந்தது. நஞ்சுண்டன் வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்து, மருதாசலத்தையும் கயிற்றையும் கூட்டத்தையும் பார்த்தார்.

"வாங்க. உக்காருங்க" என்றார்.

முப்பது வருஷமாக வாடா போடா என்றவன் வாயில் அந்த 'ங்க' வந்தது மருதாசலத்துக்கு எல்லாவற்றையும்விட வலித்தது. அவர் உட்காரவில்லை.

"நஞ்சுண்டா, கேபிள போர்டுல சொருகி வெச்சிருந்தேன். ரெண்டு வருஷமா. கார்டுல ஒரு கொறையும் இல்ல. நீ எனக்கு நாமம் போடலடா. நான்தான் உனக்குப் போட்டேன், ஊரக் கூட்டி வெச்சுப் போட்டேன். தப்பு என்னுது."

சொல்லி முடிப்பதற்குள் கேட்டைத் தாண்டினார், சன்ஷேடைத் தாண்டினார், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் அவருக்குக் கீழே போனது. கரண்ட் கம்பிக்கு ஒரு முழம் இருக்கும்போது கயிறு விறைத்து நின்றது. ஜமால் பாயின் டேப் பாதியிலேயே முடிந்துவிட்டது. கீழே நஞ்சுண்டனின் கால்கள் கணுக்கால் வரைக்கும் தார் ரோட்டுக்குள் இறங்கியிருந்தன.

கேபிளா என்று கழகத்தில் யாரோ முணுமுணுத்தார்கள், ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. அவரவர் வீட்டு மெஷினின் முதுகைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்ற யோசனையில் இருந்தார்கள்.

நஞ்சுண்டன் தன் கால்களைப் பார்த்தார். இனி சாகிறவரைக்கும் அவர் சொன்னதுதான் சரி, ஊர் முழுக்கச் சாட்சி. அப்படியே உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருக்கலாம்.

"கீழ எறங்குடா" என்றார்.

"எறங்கத் தெரியலடா" என்று மேலிருந்து பதில் வந்தது.

 அப்புறம் நஞ்சுண்டன் தலையைத் தூக்காமலே பேசினார்.

"அன்னைக்குச் சாயங்காலமே எனக்குத் தெரியும் மருது. நாப்பத்தொண்ணுன்னா அது கேபிள்தான்னு. காலைல சொல்லிரலாம்னுதான் பேக்கரிக்கு வந்தேன். அதுக்குள்ள நீ நாமம்னுட்ட. கெடக்கட்டும், சாகற வரைக்கும் நாப்பத்தொண்ணுலயே ஓட்டட்டும்னு விட்டுப்போட்டேன். ரெண்டு வருஷம் அத நெனச்சு நெனச்சுச் சந்தோசப்பட்டிருக்கேன். அது என்னோட தப்பு."

பொளக்கென்று அவர் கால்கள் தாரை விட்டு வெளியே வந்தன. அவர் ஏற ஏற, மருதாசலம் இறங்கினார். தெய்வானை கயிற்றைக் கைமேல் கை மாற்றிச் சுற்றிக்கொண்டே வந்தாள். தரைக்கு ஒரு சாண் இருக்கையில் இரண்டு பேரும் ஒரே மட்டத்தில், முகத்துக்கு முகம் நேராக நின்றார்கள். மிச்சக் கனம் எங்கே போனது என்பதில் கழகத்தில் இன்றுவரை இரண்டு கட்சி.

"இப்ப எத்தனை வருது?" என்று கேட்டார் நஞ்சுண்டன்.

"நூத்தி நாப்பத்து மூணு."

"சூடு?"

"எழுவத்தாறு."

"பொட்டு வெச்சிருப்ப. நாமம் போட்டீன்னா எழுவதுக்கு எறங்கும்."

மருதாசலத்துக்கு மிதப்பது சுகமாகத்தான் இருந்தது. முழங்கால் வலி இல்லை, மனசில் ஒன்றும் இல்லை, நாமம்தான் என்று மனசாரத் தலையை ஆட்டினால் போதும், இன்னும் ஒரு சாண் ஏறி அப்படியே வீடுவரைக்கும் மிதந்து போகலாம். நண்பனின் முகத்தைப் பார்த்தார். அவன் காத்துக்கொண்டிருந்தான்.

"போடா. பொட்டுதான்" என்றார், தொப்பென்று தரையில் நின்றார்.

"நாமம்டா" என்றார் நஞ்சுண்டன். அவரும் தொப்பென்று இறங்கினார். இறங்கியவர் செருப்பில் ஒட்டிய தாரைத் தரையில் தேய்த்துக்கொண்டே, சாமானை எல்லாம் கீழே இறக்கப்பா, மொதல்ல அந்த ஸ்க்ரூடிரைவர் பெட்டிய எடு, இவன் வீட்டுக்குப் போய்ப் பேஸ்ட்டத் தொடைக்கணும் என்று டெம்போக்காரரிடம் சொன்னார்.